கோடை முகாமில் நம் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?



உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: "இந்த வருசம் பிள்ளைங்களுக்கு முகாம் அவசியமா, ஃபாதர்?" கேட்பவர்கள் மனக்கசப்போடு கேட்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு மே மாதமே தனிப்பயிற்சி தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வந்து நிற்கிறது. மூலக்குளம் பகுதியில் வாழும் நம் குடும்பங்களில் பலவும் கடன் வாங்கித்தான் பள்ளிக் கட்டணம் கட்டுகின்றன. இந்த நிலையில் பேருந்து வாடகை, சாப்பாடு, தங்குமிடம் என்று இன்னொரு செலவு எதற்கு? விளையாட்டும் பாட்டும் வீட்டிலேயே கிடைக்காதா?

கேள்வி நியாயமானது. விளையாட்டுக்கும் பாட்டுக்கும் மட்டும் என்றால் முகாம் தேவையில்லை. கைபேசி ஒன்றே போதும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் பதின்பருவத்தில் ஒரு பிள்ளை கற்றாக வேண்டிய சில பாடங்கள் வீட்டிலும் கிடைப்பதில்லை, பள்ளியிலும் கிடைப்பதில்லை. தன் வீட்டுப் பந்தியில் உட்காராதவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதும், தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலையை முடிப்பதும் அப்படிப்பட்ட பாடங்கள். இவற்றைக் கற்றுத் தருகிற முகாம் தேவையானது. கற்றுத் தராத முகாம் வெறும் சுற்றுலா. நம் முகாம் எந்த வகை என்பதைக் கொஞ்சம் சிந்திப்போம்.

முதல் முகாம்

முகாம் என்பது இன்று நேற்று வந்த புதுமை அல்ல. லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அறுவடை முடிந்தபின் இஸ்ரயேல் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியே வந்து, ஈச்ச ஓலைகளாலும் தழைகளாலும் கூடாரம் அமைத்து, ஏழு நாள் அதில் தங்க வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததை அடுத்த தலைமுறை அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். இணைச் சட்ட நூலின் 16-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த விழாவில் வீட்டுப் பிள்ளைகளோடு வேலைக்காரர்களும், அந்நியரும், அனாதைகளும், கைம்பெண்களும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது. கல்வீட்டுக்காரரும் கூலியாளும் ஏழு நாள் ஒரே வகைத் தழைக் கூரையின்கீழ்! அதுதான் கூடார விழா. பாடத்தைக் காதால் கேட்பது போதாது, உடலால் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதை நம் விவிலியம் அன்றே சொல்லிவிட்டது.

இன்றைய கோடை முகாமின் வரலாறும் ஏழைப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஹெர்மன் வால்ட்டர் பியோன் என்ற சபைப் போதகர் இருந்தார். நகரத்து நெருக்கடியில் வாடிய ஏழைப் பிள்ளைகளைக் கண்டு மனம் வருந்திய அவர், 1876-ஆம் ஆண்டு 68 பிள்ளைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். நல்ல காற்று, நல்ல உணவு, உடன் ஆசிரியர்கள். இந்த முயற்சி பிரான்சு நாட்டிலும் பரவியது. அங்கே கத்தோலிக்கப் பங்குகள் பலவும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கோடையில் கடற்கரைக்கும் மலைக்கும் அழைத்துச் சென்றன. 'கொலோனி த வக்கான்ஸ்' என்று அதற்குப் பெயர். நம் புதுவையில் பிரான்சு நாட்டோடு உறவு வைத்துள்ள குடும்பங்கள் ஏராளம். அங்கே வளரும் பேரப்பிள்ளைகள் வாயிலாக இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு.

இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. ஏறத்தாழ 20 சிறுவர்கள் மட்டுமே கலந்துகொண்ட அந்த முகாமில், செல்வர்களின் பள்ளிகளில் படித்தவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளியில் அந்தத் திட்டத்தில் சேர்ந்து ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கிய அனுபவம் நம் பெற்றோர் பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஏழு நாளில் நடந்தவை எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் மறப்பதில்லை. ஏன்?

பதின்பருவம் கேட்பது என்ன?

பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை லூக்கா எழுதியுள்ளார் (2:41-52). பயணிகள் கூட்டத்தில் பிள்ளை இருப்பான் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் போய்விடுகிறார்கள். அந்த ஊரார் எல்லாரும் சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. பெற்றோர் தேடிக் களைத்துக் கண்டுபிடித்தபோது பிள்ளை கேட்ட கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை. பதின்பருவப் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும் அந்த நேரத்தில் மரியாவின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் பகுதியின் முடிவில் லூக்கா நான்கு வளர்ச்சிகளைச் சொல்கிறார்: இயேசு ஞானத்தில் வளர்ந்தார், உடலில் வளர்ந்தார், கடவுளுக்கு உகந்தவராய் வளர்ந்தார், மனிதருக்கு உகந்தவராய் வளர்ந்தார்.

நாம் முதலாவதை மட்டும், அதிலும் மதிப்பெண்ணாக மட்டும் அளக்கிறோம். நான்காவதை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. ஆனால் 13 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைக்கு அந்த நான்காவதுதான் உயிர்ப் பிரச்சினை. தன் வயதொத்தவர்கள் தன்னை ஏற்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதே அந்த வயதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அப்பா சொல்வதைவிட நண்பன் சிரிப்பது ஆழமாகத் தைக்கிறது. இது பிள்ளையின் குறை அல்ல; வளர்ச்சியின் ஒரு கட்டம். இந்தக் கட்டத்தில் அவர்களுக்கு நல்ல கூட்டம் கிடைக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது ஊக்கவுரையில், இளையோர் திருச்சபையின் நாளைய நம்பிக்கை மட்டுமல்ல, இன்றைய உறுப்பினர்கள் என்கிறார். தமக்கென்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார்.

எங்கள் தவறு

இனி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கல்வராயன் மலை அடிவாரத்தில், விடுமுறையில் காலியாக இருந்த ஒரு மாணவர் விடுதியில் ஐந்து நாள் முகாம் நடத்தினோம். ஏறக்குறைய அறுபது பிள்ளைகள். பெண்பிள்ளைகளுக்கு அருகிலிருந்த அருட்சகோதரிகளின் இல்லத்தில் தங்குமிடம். வசதிக்காக அன்பியம் வாரியாகக் குழு பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புனிதரின் பெயர், ஒரு கொடி. பாட்டுப் போட்டி, விவிலிய வினாடி வினா, கபடி, கயிறு இழுத்தல் எல்லாவற்றுக்கும் புள்ளிகள். இறுதி நாளில் கேடயம்.

முதல் நாள் மாலையில் ஆரவாரம். இரண்டாம் நாள் காலையில் முணுமுணுப்பு. இரண்டாம் நாள் மாலையில் சண்டை. புனிதர்களின் பெயரைத் தாங்கிய குழுக்கள் ஒன்றையொன்று கேலிப் பெயரிட்டு அழைத்தன. கேலியில் தெருவின் பெயர் வந்தது. தெருவின் பெயருக்குப் பின்னால் என்ன வரும் என்பது தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வாழும் நமக்குத் தெரியும். அன்பியம் வாரியாகப் பிரித்ததால் தெருவையும் சேர்த்தே பிரித்துவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தோம். புறப்பட்ட அன்று, பேருந்தின் அருகில் நின்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தபோது, கட்டணம் முழுவதும் கட்டாதவர்களின் பெயர்களைத் தனியாக உரக்கப் படித்தோம். எட்டு, ஒன்பது பெயர்கள். கணக்குக்காகத்தான் படித்தோம். யாரையும் இறக்கிவிடவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை மற்ற ஐம்பது பிள்ளைகளும் கேட்டார்கள். அந்த எட்டொன்பது பேரும் பேருந்தின் கடைசி இருக்கைகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருவன் பதினைந்து வயதுப் பையன். இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை. வினாடி வினாவில் அவன் முறை வந்தபோது எழுந்து நின்றான், பேசாமல் உட்கார்ந்தான். குழுவினர் சலித்துக்கொண்டார்கள்.

சமையல்காரர் வராத காலை

மூன்றாம் நாள் காலை சமையல்காரர் வரவில்லை. அவர் உறவில் ஒரு சாவு. அறுபது பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக வேண்டும். அந்த இடத்தில் பக்கத்தில் கடையும் இல்லை. அன்றைய கருத்துரையையும் போட்டிகளையும் நிறுத்திவிட்டு, "எல்லாரும் வாருங்கள், நாமே சமைப்போம்" என்றோம். யாருக்கும் தெரியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தண்ணீர் சுடுவதற்கு முன்பே ஒருவர் அண்டாவில் அரிசியைக் கொட்டப் போனார். அப்போதுதான் அந்தப் பையன் பேசினான்.

"ஃபாதர், உலை நல்லா கொதிக்கட்டும். இப்ப போட்டீங்கன்னா குழைஞ்சிடும்."

அப்பா கொத்தனார் வேலைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போவதால், தங்கைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவன் அவன். இரண்டு நாளாக எங்களுக்கு அது தெரியாது. யாரும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மணி நேரம் அவன் சொன்னதை எல்லாரும் செய்தார்கள். இருவர் விறகு பிளந்தார்கள். ஒரு கூட்டம் வெங்காயம் உரித்து அழுதது. முந்தின நாள் சண்டையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்துக் கஞ்சி வடித்தார்கள். பெண்பிள்ளைகள் பரிமாற வந்தபோது, "இன்னிக்கு நீங்க உட்காருங்க, நாங்க பரிமாறுறோம்" என்று பையன்கள் சொன்னார்கள். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோறு ஒரு பக்கம் அடிபிடித்திருந்தது. சாம்பாரில் உப்புக் கூடுதல். மீதம் ஒன்றும் இல்லை.

அன்று மாலை கொடிகளையும் புள்ளிப் பலகையையும் எடுத்து வைத்துவிட்டோம். கேடயம் இன்னும் பங்கு அலுவலக அலமாரியில் கிடக்கிறது.

கயிறு ஒன்று, பயன் இரண்டு

பிறகு ஒரு நாள், அமெரிக்க உளவியல் அறிஞர் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய ஆய்வைப் பற்றிப் படித்தபோது எங்கள் முகாமே நினைவுக்கு வந்தது. புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்த அதே 1954-ஆம் ஆண்டு கோடையில் நடந்தது அது. ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், 11, 12 வயதுடைய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துத் தங்கவைத்தார்கள். கயிறு இழுத்தல், பந்தாட்டம் போன்ற போட்டிகள் வைத்தார்கள். பரிசு ஒரு குழுவுக்கு மட்டுமே. சில நாள்களில் ஒரு குழுவின் கொடியை மறு குழு எரித்தது. ஒருவர் அறையில் மற்றவர் புகுந்து பொருள்களைக் கவிழ்த்தார்கள். இரு குழுக்களையும் சும்மா ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டும், படம் காட்டியும் பார்த்தார்கள். பகை தணியவில்லை; சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் வேறு வழியை எடுத்தார்கள். முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் பழுதைக் கண்டுபிடிக்க முடியும். உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். முன்பு ஒருவரையொருவர் தோற்கடிக்க இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. இப்படிச் சில வேலைகளுக்குப் பின் பகை குறைந்தது. திரும்பிப் போகும்போது ஒரே பேருந்தில் போனார்கள்.

அந்த ஆய்வில் குறைகள் உண்டு. ஆய்வு நடக்கிறது என்பது அந்தச் சிறுவர்களுக்கே தெரியாது. பிள்ளைகளிடையே வேண்டுமென்றே பகையை வளர்ப்பதை இன்று யாரும் அனுமதிக்கமாட்டார்கள். பிற்கால ஆய்வாளர்களும் அதைக் கடுமையாக விமரிசித்தார்கள். ஆனாலும் முகாம் நடத்தும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்துவிட்டால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத ஒரு வேலை, எல்லாருக்கும் உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலை அவர்கள் கைக்கு வர வேண்டும்.

சுவரும் பந்தியும்

இது நமக்கு வெறும் முகாம் நுட்பம் அல்ல, மனச்சான்றின் கேள்வி. புதுச்சேரி ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து மக்களைப் பிரித்து வைத்த ஒரு சுவர் இருந்ததையும், 1745-ஆம் ஆண்டு அது அகற்றப்பட்டபோது எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல்லால் கட்டிய சுவர் போய் ஏறக்குறைய 280 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பேச்சிலும், திருமணத்திலும், கல்லறைத் தோட்டத்திலும் அந்தச் சுவரின் நிழல் இன்னும் எத்தனையோ பங்குகளில் விழுகிறது. நம் பிள்ளைகள் அதைப் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. நம்மிடமிருந்து கற்கிறார்கள். கற்றதை மறக்கவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

இலங்கையில் 1958-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அப்படி ஓர் இடம் உருவானது. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆரியரத்ன, தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். ரொடியா என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்து வசதியான வீட்டு மாணவர்கள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். உழைப்பைக் கொடையாகக் கொடுப்பதால் அதற்குச் 'சிரமதானம்' என்று பெயர். ஒரு பள்ளியின் விடுமுறை முகாமாகத் தொடங்கியது, சர்வோதய இயக்கமாக வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களை எட்டியது. ஆரியரத்ன 2024-இல் மறைந்தார். அவர் பௌத்தர். ஆனால் ஆண்டவர் இயேசு பாவிகளோடும் வரிதண்டுவோரோடும் ஒரே பந்தியில் அமர்ந்ததைத் திருப்பலியில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நமக்கு, அந்த மாணவர்கள் நல்ல மறைக்கல்வி ஆசிரியர்கள்.

நம்பி ஒப்படைப்பது

பதின்பருவப் பிள்ளையை வளர்க்கும் மற்றொன்று நம்பிக்கை. புனித தொன் போஸ்கோவைப் பற்றிச் சலேசிய மரபில் வழங்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1855-ஆம் ஆண்டு அவர் தூரின் நகரிலிருந்த சிறார் சிறைச்சாலையில் தியானம் கொடுத்தார். முடிவில், அந்தச் சிறுவர்களை ஒரு நாள் வெளியே ஸ்துப்பினிஜி என்ற இடத்துக்கு உலாவ அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். காவலர்கள் வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்றார். அமைச்சர் வியந்தார். ஆனாலும் அனுமதித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் காலையில் போய் மாலையில் திரும்பினார்கள். ஒருவன்கூட ஓடிப்போகவில்லை. அவருடைய பிள்ளைகளான சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் முதன்முதலாகத் தம் பணியைத் தொடங்கினார்கள் என்பது நமக்குப் பெருமை.

இன்று நாம் பிள்ளைகளைக் காவலர் இன்றி எங்கே அனுப்புகிறோம்? பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறோம், பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறோம், கைபேசியில் எங்கிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அன்பால்தான் செய்கிறோம். ஆனால் ஒரு பொறுப்பை முழுதாக ஒப்படைத்து, "இது உன் வேலை, நாங்கள் தலையிடமாட்டோம்" என்று சொன்ன நாள் எது? முகாமில் பொருள் அறைச் சாவி ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் இருக்கட்டும். செலவுக் கணக்கை ஒரு பதினேழு வயதுப் பையன் எழுதட்டும். இரவு மன்றாட்டை அவர்களே நடத்தட்டும். தவறு வரும். தவறு வந்தால் பேசித் திருத்தலாம். நாங்கள் செய்த தவறுகளைவிட அவை பெரியவையாக இருக்காது.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

பிள்ளைகளை நம்புவது வேறு. பெரியவர்கள் அசட்டையாக இருப்பது வேறு. "பெண்பிள்ளையை எப்படி ஃபாதர் வெளியூருக்கு அனுப்புறது?" என்று ஒரு தாய் கேட்டால், அவர் நம்பிக்கையற்றவர் என்று நாம் எண்ணக் கூடாது. அவருக்குத் தெளிவான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முகாமுக்கு அனுப்பும் பெற்றோர் கீழ்க்கண்டவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

எத்தனை பெரியவர்கள் உடன் வருகிறார்கள்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனித் தங்குமிடமும் கழிவறையும் உண்டா? எந்தப் பெரியவரும், அருட்பணியாளரே ஆனாலும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? ஒப்புரவு அருட்சாதனமும் ஆலோசனையும் எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் நடக்கட்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பங்கின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி மறைப்பது குற்றம், பாவமும்கூட. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முகாமின் முதல் மணி நேரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் மற்றோர் அபாயம். விடுமுறைக் காலங்களில் கடலிலும், ஏரியிலும், ஆற்றுப் பள்ளத்திலும் மூழ்கி இறந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத ஆண்டு இல்லை. கரையில் அமைதியாகத் தெரியும் கடல் உள்ளே இழுத்துவிடும். நீச்சல் பயிற்சிக்கென்று ஏற்பாடு இல்லாத முகாமில் தண்ணீரில் இறங்குவது கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பிள்ளையின் ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, அன்றாட மருந்து பற்றிய விவரங்களைப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். மே வெயிலுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடிதண்ணீரும் எப்போதும் கையருகே இருக்க வேண்டும்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். நாமோ நள்ளிரவு வரை நிகழ்ச்சி வைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு மணியடித்து எழுப்பி, திருப்பலியில் தூங்குகிறார்கள் என்று கடிந்துகொள்கிறோம். கருத்துரைகளைப் பாதியாகக் குறைத்தால் பிள்ளைகள் தூங்கவும் பேசவும் நேரம் கிடைக்கும்.

வெளியூர் போக வசதி இல்லையென்றால் முகாமே வேண்டாம் என்பதில்லை. விடியற்காலையில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கு நடந்தே போய்வரலாம். ஊசுட்டேரிக் கரையில் ஒரு நாள் பறவைகளைப் பார்த்தபடி அமைதியில் செலவிடலாம். பங்கு வளாகத்திலேயே மூன்று நாள், பிள்ளைகளே சமைத்து, பிள்ளைகளே கழுவி, பிள்ளைகளே கணக்குப் பார்க்கும் முகாம் நடத்தலாம். தூரமும் செலவும் முகாமை உயர்த்துவதில்லை.

திரும்பி வந்த ஞாயிறு

எங்கள் முகாம் முடிந்து வந்த முதல் ஞாயிறன்று, ஆலயத்தில் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆவலோடு பார்த்தோம். முன்பு உட்கார்ந்த இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். அந்தந்தத் தெரு, அந்தந்தக் குடும்பம். மனம் சோர்ந்துபோனது. ஐந்து நாளில் நடந்ததெல்லாம் ஐந்து நாளோடு போய்விட்டதா?

அந்த வாரமே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். பட்டியலைப் படித்ததற்காக அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவன் தாய் சொன்னார்: "காசு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடலாம்னுதான் இருந்தோம், ஃபாதர். பேரைப் படிச்சதுதான் அவனுக்குக் கஷ்டமாப் போச்சு. போகவே மாட்டேன்னு இறங்கப் பார்த்தானாம்." சிறிது நேரம் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. அந்தக் காலையில் அவன் இறங்கிப் போயிருந்தால், அவனுக்கு முகாம் என்பது வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பட்டியலாகவே நின்றிருக்கும். எங்களுக்கும் அது தெரியாமலே போயிருக்கும்.

அதன்பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். முகாம் கட்டணம் உறையில் வைத்துப் பெறப்படுகிறது. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். குறைவதைப் பங்கின் நல்ல உள்ளங்கள் நிரப்புகின்றன. இரண்டாவது, முகாமில் கலந்துகொண்ட பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடுகிறார்கள். அவர்களே சமைக்கிறார்கள். அதற்கு ஆள் சேர்ப்பவனும் உலை வைப்பவனும் யாரென்று நீங்கள் ஊகிக்கலாம். அவன் பெரிய மதிப்பெண் ஒன்றும் வாங்கிவிடவில்லை. ஆனால் இப்போது கூட்டத்தில் எழுந்து நின்றால் பேசாமல் உட்காருவதில்லை. ஆலயத்தில் பிள்ளைகள் உட்காரும் இடங்கள் மெல்ல, மிக மெல்லக் கலந்துவருகின்றன. கஞ்சி வடித்த அந்த இருவர் மட்டும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள்.

எனவே, அன்பார்ந்தவர்களே, "முகாம் அவசியமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது: அவசியம். ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. நாம் எதைத் தவறாகச் செய்துவருகிறோம் என்பதைப் பிள்ளைகள் வழியாக ஆண்டவர் நமக்குக் காட்டவும் அது தேவைப்படுகிறது. இந்தக் கோடையில் உங்கள் மகனையோ மகளையோ அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "என்ன பரிசு வாங்கினே?" என்று கேட்காதீர்கள். "யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையை ஒரு நாள் உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அங்கேதான் முகாம் முழுமை பெறுகிறது.

ஞானத்திலும் உடலிலும், கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்த நாசரேத்து இயேசு, நம் பிள்ளைகளோடும் நம்மோடும் இருந்து நம் அனைவரையும் வளர்ப்பாராக.